மேல் வரிசைத் திருகுகள்

ஜூன் 12, திங்கள்

காலை 98.2. மாலை 98.6. பால் ஐந்து முறை. ராகிக் கூழ் நாலு ஸ்பூன், அதில் இரண்டு என் நைட்டியில்.

இந்த நோட்டு டாக்டர் போடச் சொன்னது. மே மாதம் ஆதிராவுக்குக் காய்ச்சலில் வெட்டு வந்து, கண் மேலே சொருகி, என் கையிலேயே விறைத்துப் போனாள். ஒன்றரை நிமிடம் என்றார்கள். எனக்கு அது இன்னும் முடியவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சூடு எவ்வளவு, எத்தனை மணி நேரம் தூங்குகிறாள் என்று தினமும் குறித்து வையுங்கள் என்றார் டாக்டர். அதற்கு ஒரு வரி போதும். மீதிப் பக்கம் வெறுமனே கிடக்கிறதே என்று, அவள் தூங்கியபின் நானும் எழுதிக்கொள்கிறேன்.

எங்கள் படுக்கையறை நேராக மொட்டை மாடிக்குக் கீழே. உடுமலை வெயில் முழுவதும் அந்தத் தளத்தில் இறங்கி, இரவெல்லாம் எங்கள் மேல் வடிகிறது. அதனால் மாடியில் தகர ஷீட் கூரை போடுகிறோம். நான் கோபியில் அம்மா வீட்டில் இருந்தபோதே இரும்புச் சட்டம் எழுப்பியாகிவிட்டது. கீழ் இரண்டு வரிசை புது ஸ்கொயர் டியூப். மேற்குச் சுவரை ஒட்டிய மேல் வரிசை மட்டும் மாமாவின் பழைய தறிக் கொட்டகையிலிருந்து எடுத்த ஆங்கிள். மாமா, என் மாமனார், போய் மூன்று வருடம். கொட்டகையைப் பிரித்தபோது அந்த இரும்பை எடைக்குப் போட அத்தை விடவில்லை. அவர் பார்த்துப் பார்த்து வாங்கியது, இந்த வீட்டில் எங்காவது இருக்கட்டும் என்று பிடிவாதம்.

இன்று திருமூர்த்தி அளவு எடுக்க வந்தார். கூடவே அவர் மனைவி தெய்வானை. இருவருமாகத்தான் வேலை செய்கிறார்கள். டேப்பின் ஒரு முனை அவரிடம், மறு முனை இவளிடம். தெய்வானை எண்ணைப் படிக்க, அவர் சுவரில் சாக்பீஸால் எழுதுகிறார். ஏன் அவரே படிக்கக் கூடாது என்று கேட்டேன். "அவருக்கு ஆறும் ஒம்பதும் ஒண்ணுதானுங்க. போன வருசம் ஒரு கேட்டு மூணடி சாஸ்தியாப் போயி ரோட்டுல நின்னுது" என்றாள். திருமூர்த்தி மறுக்கவில்லை.

ஆதிராவின் அப்பா பிரகதீஷ் வேலை பார்க்கும் ஓசூரிலிருந்து ஃபோனில் சொன்னார்: "நீதானே மெக்கானிக்கல். நீயே பாத்து முடிவு பண்ணிக்கோ." கோவையில் பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையை விட்டு பதினான்கு மாதம் ஆகிறது. அதற்குப்பின் இரும்பைப் பற்றி என்னிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

ஜூன் 13, செவ்வாய்

காலை 98.4. மாலை 98.4. பகல் தூக்கம் 40 நிமிடம்.

திருமூர்த்தி இரண்டு பாக்கெட் திருகு கொண்டுவந்து ஹால் தரையில் வைத்தார். ஒன்று செல்ஃப் டிரில்லிங். அதன் மூக்கிலேயே சின்ன டிரில் பிட் மாதிரி வெட்டு இருக்கும். ஷீட்டின் மேல் வைத்து மிஷினை அழுத்தினால் அதுவே துளைத்து, அதுவே மறையும் போட்டு இறுகிவிடும். இன்னொன்று செல்ஃப் டாப்பிங். இதுவும் தன் மறையைத் தானே வெட்டிக்கொள்ளும், ஆனால் துளையை நாம் முதலில் போட்டுத் தர வேண்டும். எனக்கு இதெல்லாம் தெரியாததா? இருந்தாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

கீழ் இரண்டு வரிசைக்கும் மூக்கு வைத்தது போதும், மேல் வரிசைக்கு டிரில் போட்டுப் பிறகு செல்ஃப் டாப்பிங் முறுக்கலாம் என்றார். பழைய ஆங்கிள் கனம் அதிகம் என்பது அவர் கணக்கு. இரண்டாம் நாளும் வர வேண்டியிருக்கும், அந்த இரும்பில் டிரில் போட்டால் கொஞ்சம் கத்தும் என்றார்.

எவ்வளவு கத்தும் என்று கேட்டேன். காட்டுகிறேன் என்று மிஷினைச் சொருகி ஒரு விநாடி ஓடவிட்டார். என் மடியில் இருந்த ஆதிராவின் உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டு கையையும் விரித்து, மூச்சை இழுத்துப் பிடித்து, பிறகுதான் அழுகை வந்தது. அந்த மூச்சு நின்ற நேரம்தான் எனக்குத் தாங்கவில்லை. பத்து நிமிடம் அழுதாள். தெய்வானை தன் வளையல்களைக் கழற்றி ஆட்டிக் காட்டி ஒருவழியாக அடக்கினாள்.

எல்லாவற்றுக்கும் செல்ஃப் டிரில்லிங்கே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இப்போது எங்கும் அதுதான், ஓட்டை போட்டு முறுக்குவதெல்லாம் பழைய பழக்கம் என்றேன். பாக்கெட்டில் ஐந்து மில்லிமீட்டர் வரை துளைக்கும் என்று போட்டிருந்ததை வாசித்தும் காட்டினேன். அவர் பாக்கெட்டை வாங்கி, அந்த எழுத்தைப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"படிச்சவங்க சொல்றீங்க அம்மணி. பாத்துக்கலாமுங்க."

சரியாகத்தான் சொன்னேன்.

ஜூன் 15, வியாழன்

காலை 98.4. மாலை 98.6. பகல் தூக்கம் ஒன்று முதல் மூன்று வரை.

ஷீட் வேலை முடிந்தது. ஒரே நாளில். கீழிருந்து தெய்வானை ஷீட்டைத் தூக்கி நிறுத்த, மேலிருந்து திருமூர்த்தி கயிற்றில் இழுத்துக்கொண்டார். வெளிர் நீலம். ஆதிரா தூங்கி எழுந்து அண்ணாந்து பார்த்து எச்சில் விட்டாள்.

போகும்போது மேல் வரிசையைப் பற்றி ஏதோ சொன்னார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஜூன் 16, வெள்ளி

98.2. அறை குளிர்ந்திருக்கிறது. நிஜமாகவே.

ஜூன் 20, செவ்வாய்

நேற்று ஒன்பதாம் மாத ஊசி. காய்ச்சல் வரலாம் என்று சொல்லித்தான் போட்டார்கள். நேற்று மாலை 99.8. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மருந்து. அத்தை ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தார். இன்று காலை 99.1, மாலை 98.8. வெட்டு வரவில்லை.

திருமூர்த்தி இரண்டு முறை ஃபோன். எடுக்கவில்லை. கையில் குழந்தை.

ஜூன் 25, ஞாயிறு

98.4. தவழ்கிறாள், ஆனால் பின்பக்கமாக. நம்மை நோக்கி வர முயன்று கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். போகும் திசை பிடிக்காமல் அதற்கும் அழுகை.

பிரகதீஷ் நேற்று வந்தார். மாடிக்குப் போய், ஷீட்டைத் தட்டி, நிழலில் நின்று கையை விரித்துப் பார்த்தார். இன்று மதியம் பெரிய மாமாவைச் சாப்பிட அழைத்திருந்தோம். மாமாவின் அண்ணன், பள்ளிக்கூடம் நடத்துகிறார். அவரையும் மாடிக்குக் கூட்டிப் போனார். நானும் குழந்தையுடன் போனேன்.

பெரிய மாமாவுக்குப் பிடித்துவிட்டது. பள்ளியில் பிள்ளைகள் மதியம் சாப்பிடுகிற இடத்துக்கு இதே போல் போட வேண்டும், யார் செய்தது என்று கேட்டார். திருமூர்த்தி பெயரைச் சொன்னோம். "பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டது மோகனா. எல்லாம் அவ செலெக்‌ஷன்" என்றார் பிரகதீஷ். பெரிய மாமா என்னைப் பார்த்து, பரவாயில்லையே என்கிற மாதிரி தலையை ஆட்டினார். கீழே இறங்கும் முன்பே திருமூர்த்திக்கு ஃபோன் போட்டு நாளைக்குப் பள்ளிக்கு வரச் சொல்லிவிட்டார்.

மேல் வரிசையை அண்ணாந்து பார்த்தேன். திருகுகள் எல்லாம் வரிசையாகத்தான் இருந்தன. கீழிருந்து பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை.

திருமூர்த்திக்கு நல்லது நடக்கட்டும். எனக்கும் சந்தோஷம்தான்.

ஜூலை 3, திங்கள்

98.4. பகல் தூக்கம் ஒரு மணி நேரம், இரண்டு தடவை விழித்தாள்.

காற்று ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று இந்த ஊரில் ஆனியிலேயே வந்துவிடும். காலையில் கொடியில் போட்ட ஆதிராவின் சட்டை பக்கத்து வீட்டு ராஜாமணி அக்காவின் பப்பாளி மரத்தில் போய் மாட்டிக்கொண்டது. அக்கா கொம்பால் எடுத்துக் கொடுத்து, "உம்பட மகளும் ஒரு நாளைக்கு இப்படித்தான் வந்து விழுவா, சாப்பாடு போடு அவளுக்கு" என்றார்.

மாடியில் ஷீட் அடித்துக்கொள்கிறது. டப், டப் என்று. மேற்குப் பக்கம். புது ஷீட் அப்படித்தான் சத்தம் போடும், வெயிலில் விரியும் என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை மேற்குப் பக்கம் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

ஜூலை 6, வியாழன்

98.6. ஷீட் சத்தத்துக்கு விழிக்கிறாள். ஃபேனை வேகமாக வைத்தேன்.

திருமூர்த்தியைக் கூப்பிடலாம் என்று எண்ணை எடுத்தேன். பள்ளி வேலையில் இருப்பார். ஞாயிறு கழித்துக் கூப்பிடலாம்.

ஜூலை 9, ஞாயிறு

காலை 98.4. மாலை பார்க்கவில்லை.

மதியம் மூன்று மணிக்கு ஷீட் ஒன்று பறந்தது. மேற்கு மூலை ஷீட். பெரிய துணியைக் கிழிக்கிற சத்தம், பிறகு ஒன்றுமே இல்லாத கொஞ்ச நேரம், பிறகு ராஜாமணி அக்கா வீட்டுப் பக்கம் ஒரு இடி. நான் ஆதிராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பன்னிரண்டு அடி ஷீட் அவர்கள் வாசலில் குறுக்காகக் கிடந்தது. பப்பாளி மரம் என் கழுத்து உயரத்தில் கத்தியால் சீவினது போல் துண்டாகி, பால் வடிந்துகொண்டிருந்தது. மரத்தடியில் முறம். முறத்தில் பாதி உருவிய முருங்கைக்கீரை.

அக்கா உப்பு டப்பாவைத் தேடி உள்ளே போயிருந்தார்.

கையில் டப்பாவுடன் வெளியே வந்து மரத்தைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. உப்பு டப்பாவைக் கீழே வைக்கவும் இல்லை.

ஜூலை 10, திங்கள்

98.4.

பிரகதீஷ் லீவு சொல்லிவிட்டு நின்றார். பெரிய மாமா காலையிலேயே வந்தார். திருமூர்த்தியையும் வரச் சொல்லியிருந்தார்கள், தெய்வானையும் வந்தாள். அத்தை, நான், ஆதிரா. எல்லோரும் மாடியில். காற்று பேச்சைத் தூக்கிக்கொண்டு போனது, அதனால் எல்லோரும் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

பெரிய மாமா ஸ்டூல் மேல் ஏறி மேல் வரிசையில் ஒரு திருகைப் பிடித்தார். கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. மூன்றாவது தலை மட்டும் வந்தது, உடம்பு இரும்புக்குள்ளேயே முறிந்து நின்றது.

"ஏப்பா, இதென்ன ஸ்க்ரூவா, பல்லுக்குச்சியா?"

திருமூர்த்தி என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தப்புதானுங்க. மேல் வரிசைய நான் விட்டுப்போட்டுப் போயிருக்கக் கூடாது."

தெய்வானை, "ஏனுங்க, நீங்க..." என்று ஆரம்பித்தாள். நீ சும்மா இரு என்று அவளை அடக்கினார்.

பெரிய மாமா கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் பேசிப் பழகிய குரலில் நிதானமாகச் சொன்னார். "எரநூறு புள்ளைக உக்காந்து சாப்புடற எடம். அங்க இப்படி ஒண்ணு பறந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது? நீ அந்த வேலைய விட்டுரு. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

திருமூர்த்தி சரி என்று தலையாட்டினார்.

பிரகதீஷ் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்துட்டுத்தானே இருந்தே? ஒண்ணும் தெரியலையா?"

"நான் கீழ இருந்தேன்" என்றேன்.

நான் சொன்னது அது ஒன்றுதான். பொய்யும் இல்லை. அன்று கீழேதான் இருந்தேன்.

ஜூலை 11, செவ்வாய்

98.4. பால் நான்கு முறை. மீதி ஷீட்டுகளைப் பிரகதீஷ் கயிறு போட்டு இழுத்துக் கட்டிவிட்டு ஓசூர் கிளம்பினார்.

ஜூலை 14, வெள்ளி

98.2. பகல் தூக்கம் ஒரு மணி பத்து நிமிடம்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. டாக்டர்கூட முதல் வரியைத்தான் பார்ப்பார். அப்படியிருந்தும் ஜூன் 15-ம் தேதி "ஏதோ சொன்னார்" என்று எழுதியிருக்கிறேன். இங்கேகூட.

அவர் சொன்னது இதுதான். மூன்று மணிக்கு மேல், படியில் பாதி இறங்கி வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஏழு திருகு. எல்லாவற்றின் மூக்கும் கருநீலமாக எரிந்து, மழுங்கிப் போயிருந்தது.

"மேல மூக்கு எரியுதுங் அம்மணி. இரும்புல எறங்கவே மாட்டீங்குது. இருபத்திரண்டு எடத்துல ஆறுதான் புடிச்சிருக்குது, மீதி சும்மா நிக்குது. நாளைக்கு டிரில்லக் கொண்டாந்து ஓட்டையப் போட்டு முறுக்கிப்போடறேன். அரை நாள் வேலைங்க."

நாளைக்கு வேண்டாம் என்றேன். திங்கள்கிழமை ஊசி, குழந்தைக்குக் காய்ச்சல் வரும், அந்தச் சத்தம் ஆகாது என்றேன். அப்புறம் எப்பங் என்றார். நானே கூப்பிடுகிறேன் என்றேன். மறுபடி மேலே ஏறி, மூன்று இடத்தில் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டு, இறங்கும்போது ஒரு வாரம் தாங்கும், அதற்கு மேல் வைக்க வேண்டாம் என்றார்.

அந்த ஒரு வாரம் முடிவதற்குள் அவர்தான் கூப்பிட்டார். இருபதாம் தேதி இரண்டு முறை. "கையில் குழந்தை" என்று எழுதியிருக்கிறேன். குழந்தை அத்தையிடம் இருந்தாள். நான் சோபாவில் உட்கார்ந்து ஃபோன் அடித்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தால் அவர் டிரில்லுடன் வருவார். அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பாள். இவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

இவ்வளவுதானா? இல்லை. எடுத்தால், நான் சொன்ன திருகு தப்பு என்று ஆகும். பதினான்கு மாதம் கழித்து ஒரு விஷயத்தில் என்னைக் கேட்டார்கள், அதுவும் தப்பு என்று.

இன்று அவள் தூங்கியபோது அலமாரியைத் திறந்தேன். பழைய கம்பெனி அடையாள அட்டைக்குக் கீழே என் வெர்னியர் இருந்தது. மாடிக்குப் போய் ஸ்டூல் போட்டு மாமாவின் ஆங்கிளை அளந்தேன்.

8.1 மி.மீ.

பாக்கெட்டில் ஐந்து என்று நான்தான் வாசித்துக் காட்டினேன். நாலு வருடம் அளப்பதுதான் என் வேலை. அளக்காமல் ஒரு துண்டு இரும்பை நான் உள்ளே விட்டதில்லை. அன்று எழுந்து போய் அளக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

ஜூலை 16, ஞாயிறு

98.4.

பிரகதீஷிடம் சொன்னேன். காலையில், அவர் ஆதிராவுக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தபோது. திருகு, உள்ளங்கை, கட்டுக்கம்பி, ஃபோன், எல்லாம். ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"நம்ம வீட்டு இன்ஜினியர்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன் பாரு."

பிறகு, குழந்தையைப் பார்த்துக்கொண்டே, இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது என்றார். பெரியப்பா பொள்ளாச்சி ஆளுக்கு வேலையைக் கொடுத்துவிட்டார், யாருக்கும் அடிபடவில்லை, நீயும் அன்றைக்கு இருந்த நிலைமையில் வேறு என்ன செய்வாய், விட்டுவிடு என்றார். என் தலையில் கை வைத்தார். நல்ல மனிதர். அந்தக் கையை எடுத்தால் தேவலை என்றிருந்தது.

ஜூலை 20, வியாழன்

98.6. பகல் தூக்கம் என் தோளில், ஆட்டோவில், 25 நிமிடம்.

திருமூர்த்தியின் பட்டறைக்குப் போனேன். தளி ரோட்டில், ஒரு மரக்கடைக்குப் பின்னால். அவர் இல்லை. தெய்வானை ஒரு பழைய கேட்டைப் படுக்கப் போட்டு, துரு சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காருவதற்கு ஒரு பெயிண்ட் டின்னைத் துடைத்துப் போட்டாள். வளையல் இல்லாத கை. வேலை நேரத்தில் கழற்றி வைத்துவிடுவாளாம்.

திருமூர்த்தி பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை கட்டுகிற ஒருவரிடம் தினக்கூலிக்குப் போகிறார் என்றாள். ஞாயிறு மட்டும் வீடு. இவளைக் கூட்டிப் போக முடியாது, அங்கே ஆண்கள்தான் வேலை செய்கிறார்கள்.

மூலையில் வெட்டிய ஸ்கொயர் டியூப் அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் ஸ்கூல் 1, ஸ்கூல் 2, ஸ்கூல் 3 என்று எழுதியிருந்தது. தெய்வானையின் கையெழுத்தாம். அளவு எடுத்து, வெட்டி முடித்து, தூக்கிக்கொண்டு போக வேண்டிய நாளில்தான் எங்கள் ஷீட் பறந்திருக்கிறது.

வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடி எதுவும் வரவில்லை. தப்பு என்னுடையது, அன்றைக்கு மாடியில் நான் சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். தெய்வானை சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"அவுருகிட்ட அன்னைக்கே சண்டை போட்டனுங்க. வாய் இல்லையா உங்களுக்குன்னு. கைக்கொழந்தக்காரி, மாமியா, புருசன், பெரியவரு எல்லாம் சுத்தி நிக்கறாங்க, அந்தப் புள்ளைய எப்படிக் காட்டிக் குடுக்கறதுன்னாரு. அதுவா சொல்லும்னு பாத்தாராம்."

அதுவா சொல்லும். நான் ஆதிராவின் காலுறையைச் சரி செய்தேன். சரியாகத்தான் இருந்தது, இருந்தாலும்.

கேட்டின் அடுத்த கம்பிக்கு நகர்ந்து அவளே சொன்னாள். "சொல்லலீன்னாக்கூடப் பரவால்லீங்க. அந்த ஃபோன எடுத்திருந்தீங்கன்னாப் போதும்."

கிளம்பும்போது ஆதிராவின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள். கையில் துரு இருப்பதைப் பார்த்து, பின்னால் இழுத்துக்கொண்டாள்.

ஜூலை 22, சனி

98.4.

பெரிய மாமாவுக்கு நானே ஃபோன் செய்தேன். பிரகதீஷ் வேண்டாம் என்று சொன்ன பிறகும். திருமூர்த்தி துளை போட வேண்டும் என்றுதான் சொன்னார், நான்தான் வேறு திருகு போடச் சொன்னேன், சரி செய்ய வருகிறேன் என்றார், நான் வரவிடவில்லை என்றேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"உனக்குப் பெரிய மனசும்மா" என்றார். "ஒருத்தன் பொழப்புப் போச்சேன்னு நீ உன்ற மேல எடுத்துப் போட்டுக்கறே. எந்தப் பொம்பளப் புள்ள இப்படிச் செய்யும்?"

இல்லை மாமா, நிஜமாகவே நான்தான் என்றேன். ஆங்கிள் எட்டு மில்லிமீட்டர், அந்தத் திருகு ஐந்துக்கு மேல் துளைக்காது, நான் அளக்கவில்லை என்றேன்.

"அதெல்லாம் அவனுக்கல்ல தெரியோணும்? நீ கொழந்தையப் பாப்பியா, இரும்ப அளப்பியா?"

அடுத்த வேலை ஏதாவது வந்தால் பார்க்கலாம் என்று சொல்லி, குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று விசாரித்து, வைத்துவிட்டார்.

பத்தாம் தேதி மாடியில் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். முறிந்த திருகு அவர் கையிலேயே இருந்தது.

ஜூலை 26, புதன்

98.2. கீழே ஒரு பல். வெள்ளையாக, அரிசி முனை மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை திருமூர்த்தி வருகிறார். வருவாரோ மாட்டாரோ என்றுதான் கேட்டேன். வருகிறேன் என்றார், அவ்வளவுதான். அத்தையிடம் சொன்னேன், மேல் வரிசை முழுக்கத் துளை போட வேண்டும், சத்தம் இருக்கும் என்று.

அத்தை பயறு புடைத்துக்கொண்டே, "அன்னைக்குப் படியில அவன் சொன்னது என்ற காதுலயும் விழுந்துச்சு கண்ணு" என்றார். "நீ நடுங்கிட்டு இருந்தே. நானும் பேசாம இருந்துட்டேன்."



ஜூலை 30, ஞாயிறு

காலை 98.4.

திருமூர்த்தி தனியாக வந்தார். தெய்வானை வரவில்லை. கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கிறதாம். பறந்த ஷீட்டை நெளிவெடுத்து இருவருமாக மேலே ஏற்றினோம். டேப்பில் அவள் பிடிக்க வேண்டிய முனையை நான் பிடித்தேன். எண்ணையும் நானே படித்தேன். அவர் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதினார்.

பைக்குள்ளிருந்து இரண்டு பாக்கெட்டையும் எடுத்துச் சுவர் மேல் வைத்தார். ஜூன் மாதம் ஹாலில் வைத்த அதே மாதிரி.

"எது போடட்டுமுங்க?"

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். வீட்டுக்காரர்களைக் கேட்டுத்தான் போடுவது அவர் வழக்கம். "மேல் வரிசைக்கு நீங்க அன்னைக்குச் சொன்னது" என்றேன். ஆங்கிள் எட்டு மில்லிமீட்டர் என்றும் சொன்னேன்.

"எட்டா? நான் ஏழுன்னு நெனச்சனுங்க" என்றார்.

டிரில் ஆரம்பிக்கும் முன் ஆதிராவைப் பார்க்கக் கீழே போனேன். பத்தே முக்காலுக்குத் தொட்டிலில் தூங்கிப்போயிருந்தாள். எழுப்பிப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்தேன். ராஜாமணி அக்கா வாசலில் மரம் இருந்த இடத்தைப் பார்த்ததும் அந்த எண்ணத்தை விட்டேன். காதில் பஞ்சு வைக்கலாமா என்று அத்தையைக் கேட்டேன். வேண்டாம், எழுந்தால் தூக்கிக்கொள்கிறேன் என்றார்.

பதினொரு மணிக்குத் திருமூர்த்தி டிரில்லை ஆங்கிளில் வைத்தார். எங்கள் தலைக்கு மேல் அந்தப் பழைய இரும்பு கத்தியது. நேராகப் படுக்கையறைக்கு மேலே. சுவரில் கை வைத்தால் அதிர்வு தெரிந்தது. நான் படியில் பாதி இறங்கி, அன்று அவர் நின்ற அதே படியில் நின்று, கீழே எட்டிப் பார்த்தேன். அத்தை தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னை அண்ணாந்து பார்த்தார். கையை மட்டும் அசைத்தார்.

மேலே போய்த் திருகு எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது துளை, மூன்றாவது துளை. இரும்புத் தூள் சுருள் சுருளாக என் கால்மேல் விழுந்தது. ஒவ்வொரு துளைக்கும் கீழே ஓடினேன். எட்டாவது துளைக்குப் பிறகு திருமூர்த்தி, "அழுதா காதுல விழுமுங்க அம்மணி, நீங்க இங்கயே இருங்க" என்றார்.

அழுகை வருமா என்று காது கொடுத்து நின்றேன். பன்னிரண்டாவது, பதினைந்தாவது. ஒரு சிணுங்கலாவது வரக் கூடாதா என்று இருந்தது. அவள் ஒரு தடவை வீறிட்டு அழுதிருந்தால் நான் எதற்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

இருபத்திரண்டும் இறுகின. அவர் ஒவ்வொன்றையும் கையால் திருகிப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. என்னையும் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். சாப்பிட்டுப் போகச் சொன்னதற்கு, வீட்டில் காத்துக்கொண்டிருப்பாள் என்று சைக்கிளில் கிளம்பிவிட்டார்.

மாலை 98.4. பால் ஐந்து முறை. பகல் தூக்கம் 10.45 முதல் 1.20 வரை. நடுவில் விழிக்கவில்லை.